அஸருக்கும் ஆறு மணி பஸ்ஸுக்கும் நடுவில்

ஆபா,

நேற்று ஸ்வெட்டர் தேடி பீரோவின் அடித்தட்டைக் குடைந்தபோது உங்கள் புர்கா கையில் வந்தது. நான்தான் திருப்பிக் கொடுக்க மறந்தேனா, நீங்களே இருக்கட்டும் என்று விட்டுவிட்டீர்களா, நினைவில்லை. மடிப்பைப் பிரித்ததும் அத்தர் வாசனை வந்தது. அதற்கடியில் ஷூ ஒட்டும் சொல்யூஷன் வாசனையும் லேசாக இருந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து மாதங்கள் ஆகின்றன, எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. "வுடு ரோசி, அது அவுங்க குடும்ப விஷயம்" என்கிறார் என் வீட்டுக்காரர். அதனால் உங்களிடமே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஊரில் பாதிப் பேரைத் திட்டியதை என் காதில்தானே போட்டு வைத்தீர்கள்?

அந்தச் சிறப்புப் பள்ளியின் மதிலோரத்தில்தான் நம் சிநேகம் ஆரம்பித்தது. உள்ளே உங்கள் இர்ஃபானும் என் ஸ்டெல்லாவும் ஒரே வகுப்பு. இரண்டு பேருக்கும் எழுத்து ஏறவில்லை, பேச்சு நிதானமாகத்தான் வரும், எதையும் நாலு தடவை செய்து பார்த்தால்தான் பிடிபடும். பிடிபட்டால் மறக்காது. அம்மாக்கள் கூப்பிடு தூரத்திலேயே இருக்க வேண்டும் என்று பள்ளியில் சொன்னதால் நாம் வீட்டில் தைத்துக் கொடுக்க வாங்கிய ஷூ அப்பர்களை, அந்த மேல்தோல்களை, அங்கேயே கொண்டுவந்து மடியில் போட்டுத் தைப்போம். நான் சர்ச்சுக்குப் போகிறவள், நீங்கள் ஐந்து வேளை தொழுகிறவர். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன விரல்களும் உள்ளே இருந்த அந்தப் பிள்ளைகளும்தான் நமக்குள் பொது. உங்களை நான் ஆபா என்றேன், அக்கா என்ற உரிமையில். இர்ஃபான் என்னைக் காலா என்றான், அவனுக்கு நான் சித்தி. ஸ்டெல்லாவுக்கு நீங்கள் பெரியம்மா.

உங்கள் வீட்டுக்காரர் இறந்தது அந்தக் காலத்தில்தான். இர்ஃபானுக்கு மீசைகூட அரும்பவில்லை. வீடு நிறைய ஆண்கள். "பையன உள்ள கூட்டிட்டுப் போய்டுங்க, பயந்துடுவான்" என்று யாரோ சொன்னார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்த நீங்கள் அழுகையை நிறுத்திவிட்டுக் குரல் கொடுத்தீர்கள்.

"அரே, இன்னா பேசுறீங்க? அவன் பயப்படட்டும், அழட்டும். அவன் அப்பாவுக்கு அவன்தான் மண்ணு போடணும்."

உங்கள் தம்பி, இர்ஃபானின் மாமூ, அவனைக் கைபிடித்துக் கூட்டிப்போனார். போகும்போது அழுதான், வரும்போதும் அழுதான். உங்களிடம் வந்து மூன்று தடவை மண் அள்ளிப் போடுவதுபோல் கையைக் காட்டினான். அன்று ராத்திரி சாப்பிட்டான், தூங்கினான். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அப்பா எங்கே என்று அவன் கேட்டதில்லை. "தெரிஞ்சவன் கேக்க மாட்டான் ரோசி, தெரியாதவன்தான் தேடுவான்" என்றீர்கள்.

பதினெட்டு முடிந்ததும் பள்ளியில் ஒரு விழா வைத்தார்கள். மற்ற பிள்ளைகளுக்குப் பதினெட்டு என்றால் ஓட்டு, காலேஜ், பைக்கு. நம் பிள்ளைகளுக்கு ஒரு சால்வை, ஒரு டிபன் பாக்ஸ், ஒரு குரூப் போட்டோ, அதோடு கதவை மூடிவிட வேண்டியது. அத்தனை வருஷம் மெழுகுவத்தி ஊற்றவும் பேப்பர் கவர் ஒட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். மெழுகுவத்தி வாங்க யார் வருவார்கள் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. மேடையில் ஒரு பெரிய மனிதர் நம் பிள்ளைகளைக் கடவுளின் குழந்தைகள் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். வளர்ந்த பிள்ளையைக் குழந்தை என்பதற்கு இந்த ஊரில் எப்போதும் கைதட்டு உண்டு. இறங்கி வரும்போது டீச்சர், "இனிமே வீட்ல வெச்சுப் பாத்துக்கோங்கமா" என்றார்.

"வீட்ல வெச்சுப் பாக்க அவன் இன்னா டிவியா?" என்று கேட்டீர்கள். அந்த டீச்சர் நல்ல பெண், பாவம், முகம் சிவந்து போனது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். "பசங்களக் கெளப்பு. பஸ் ஸ்டாப்புக்குப் போலாம்."

"எங்க போறதுக்கு ஆபா?"

"எங்கியும் இல்ல. நிக்கறதுக்கு."

பைபாஸ் ரோட்டில் ஷூ கம்பெனி பஸ்கள் வந்து ஆள் ஏற்றும் இடத்துக்குப் போனோம். டிபன் பையோடு வரிசையாகப் பெண்கள், பையன்கள். நம் பிள்ளைகளையும் டிபன் பாக்ஸோடு அந்தக் கூட்டத்தில் நிறுத்தினீர்கள், விழாவில் கொடுத்த அதே டிபன் பாக்ஸ். பஸ் வந்தது, எல்லோரும் ஏறினார்கள், நம்மவர்கள் ஏறவில்லை. வீட்டுக்கு வந்தோம். மறுநாளும் போனோம். எனக்கு வெட்கமாக இருந்தது, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று. "வேலை அப்புறம் கெடைக்கும். காலையில எழுந்து எல்லாரோட நிக்கறது மொதல்ல வரணும்" என்றீர்கள். நாளாக ஆக அந்தப் பெண்கள் ஸ்டெல்லாவுக்குப் பூ வைத்துவிட ஆரம்பித்தார்கள், பையன்கள் இர்ஃபானை மச்சான் என்றார்கள். ஒரு லைன் சூப்பர்வைசர் அக்கா தினம் பார்த்துவிட்டு ஒருநாள் இறங்கி வந்து, "இவுங்க எந்தக் கம்பெனி?" என்று கேட்டார். "உங்க கம்பெனிதான், இன்னும் சேத்துக்கல" என்றீர்கள். அந்த அக்கா உள்ளே பேசித்தான் பேக்கிங் பக்கம் இடம் கிடைத்தது. இர்ஃபானுக்கு ஷூவின் முனையில் காகிதம் திணிக்கும் வேலை. ஸ்டெல்லாவுக்குப் பிசிறு நூல் வெட்டும் வேலை.

கூடவே அம்மாவும் உட்கார வேண்டும் என்று ஹெச்.ஆர். நிபந்தனை போட்டார். அந்த ஹாலின் நடுவில் நின்று நீங்கள் கேட்டது அங்கே இன்றும் பேச்சாக இருக்கிறது. "இத்தினி பேர் வேலை செய்றாங்களே, யாரோட அம்மா கூட வந்து குந்தினு இருக்காங்க? உங்க அம்மா வந்திருக்காங்களா சார்?"

நிபந்தனை போனது. பேச்சு அப்படி. ஆனால் பஸ் கிளம்பியதும் நாம் இருவரும் வீட்டுக்குப் போகாமல் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நிற்போம். அப்போதுதான் இந்தப் புர்கா வந்தது. "நான் போனா கண்டுபிடிச்சுடுவான். நீ போட்டுக்கினு பின்னால போ, ஒருத்தருக்கும் தெரியாது" என்று என் தலையில் மாட்டிவிட்டீர்கள். டிரைவரிடம் சொல்லிவைத்துக் கம்பெனி பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டீர்கள். கடைசி சீட்டில் மூச்சு முட்ட உட்கார்ந்திருந்தேன். பழக்கமில்லாத துணி, வேர்வை வேறு. பாதி தூரம் போவதற்குள் முன் சீட்டிலிருந்த ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள். குனிந்து என் காலைப் பார்த்தாள். பஸ் முழுக்கக் கேட்கும்படி, "அம்மா, நீ எறங்கு" என்றாள். முகத்தை மூடிய நாம் செருப்பை மாற்ற மறந்துவிட்டோம். ஷூவும் செருப்புமாகப் பிழைக்கிற ஊரில் ஆளைச் செருப்பில்தான் முதலில் பார்ப்பார்கள் என்று நமக்கு உறைக்கவே இல்லை. நான் நடு ரோட்டில் இறங்கி நடந்து வந்தேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அத்தோடு பின்னால் போவது நின்றது.

அதற்குப் பிறகு வேலூருக்கு ஆஸ்பத்திரி செக்கப்புக்குக்கூட அவனையே முன்னால் நடக்க விட்டீர்கள். எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், எந்த ஷேர் ஆட்டோ, எந்த கேட், எல்லாம் அவன்தான் சொல்ல வேண்டும், நீங்கள் பின்னால். தப்பாகப் போனால் தப்பாகவே போய்விட்டுத் திரும்பி வருவீர்கள். அவன் ஐடி கார்டின் பின்பக்கம் உங்கள் போன் நம்பருக்குக் கீழே என் நம்பரையும் எழுதி டேப் ஒட்டினீர்கள்.

ஆபா, இனிமேல்தான் நீங்கள் பார்க்காதது.

அன்று காலை அவனை பஸ் ஏற்றிவிட்டு வந்தீர்கள். துணி உலர்த்தும்போது விழுந்தீர்கள். வேலூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மதியத்துக்கெல்லாம் உங்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். நான் பெண்களோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன், இர்ஃபானை அழைத்துவர ஆள் போயிருக்கும் என்ற நினைப்பில். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு எடுக்கிறார்கள் என்றார்கள். அப்போதும் அவன் வரவில்லை. எழுந்து வாசலுக்குப் போய் உங்கள் தம்பியிடம் கேட்டேன்.

"அவனுக்குச் சொல்லல ரோசிம்மா. தாங்க மாட்டான்."

"பய்யா, போனது அவன் அம்மா. கம்பெனி பத்து நிமிஷ தூரம். நான் போய்க் கூட்டியாறேன்."

"ஆபாவே போய்ட்டாங்க, இவன் மயக்கம் போட்டு வுழுந்தா யார் பாக்கறது? அவன் கொழந்தமா. நாங்க பாத்துக்கறோம்."

கம்பெனிக்குப் போன் போட்டேன். ஹெச்.ஆர். எடுத்தார். "மாமா பேசிட்டார் மேடம். சென்சிடிவ் மேட்டர். அவர்கிட்ட சொல்ல வேணாம்னு இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்று வைத்துவிட்டார். வாசலுக்குத் திரும்புவதற்குள் உங்களைத் தூக்கிவிட்டார்கள். தெரு முழுக்க ஆண்கள் மாற்றி மாற்றித் தோள் கொடுத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் கொடுத்தார், ஊரிலிருந்து வந்த யார் யாரோ கொடுத்தார்கள். உங்கள் மகன் கம்பெனியில் உட்கார்ந்து ஷூவுக்குக் காகிதம் திணித்துக்கொண்டிருந்தான்.

அஸர் தொழுகைக்கும் அவன் கம்பெனியிலிருந்து திரும்பும் ஆறு மணி பஸ்ஸுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆபா? பொழுது சாய்ந்ததும் வரும் மக்ரிபுக்கு வைத்திருந்தால் அந்த பஸ்ஸே அவனைக் கொண்டுவந்து இறக்கியிருக்கும். வெளிநாட்டிலிருந்து மகன் வர வேண்டும் என்றால் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கிறோம், என் ஜாதியில், உங்கள் ஜமாத்தில், எல்லா இடத்திலும். இவனுக்காக ஒரு மணி நேரம் காத்திருக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. உங்கள் தம்பி கெட்டவர் என்றால் எனக்கு இவ்வளவு வலிக்காது. அவர் உங்கள் மேல் உயிரையே வைத்திருந்தார், அன்று சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். பாவம் பார்த்துப் பார்த்தே இந்த வேலையைச் செய்தார். இந்தப் பாவம் பார்க்கிற ஜனங்களைக் கண்டாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

பஸ் இறங்கியவனை அப்படியே பைக்கில் ஏற்றி வாணியம்பாடியில் சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி எல்லாம் முடிந்த பிறகு கூட்டிவந்து, "அம்மீ வேலூர் ஆஸ்பத்திரில இருக்காங்க, நல்லாயிட்டு வருவாங்க" என்றிருக்கிறார்கள். மறுநாள் காலை வழக்கம்போல டிபன் பாக்ஸோடு பஸ் ஸ்டாப்புக்கு வந்தான். ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன், அவளும் பெரியம்மா பெரியம்மா என்று அழுது தீர்த்திருந்தாள்.

பத்து மணிக்கு சூப்பர்வைசர் அக்கா போன் செய்தார், இர்ஃபான் வரவில்லை என்று. போனை ஸ்டெல்லாவிடம் கொடுத்தார்.

"நான் சொன்னேம்மா. பெரியம்மா செத்துப் போய்ட்டாங்கன்னு சொன்னேன். பொய்யின்னான். மாமூ ஆஸ்பத்திரின்னு சொன்னாராம். பாத்துட்டு வர்றேன்னு வேலூர் பஸ் ஏறிட்டான்."

நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடி வேலூர் பஸ்ஸைப் பிடித்தேன். பள்ளிகொண்டா டோல்கேட்டில் பஸ் நின்றபோது போன் அடித்தது. ஆஸ்பத்திரி கேட் செக்யூரிட்டி. "ஒரு தம்பி இங்க இருக்காரு. அம்மா பேர் சொல்லி எல்லா கவுன்ட்டர்லயும் கேட்டுட்டாரு. மொத நம்பர் எடுக்கல, கார்டுல ரெண்டாவதா உங்க நம்பர் இருந்துச்சு" என்றார். நீங்கள் டேப் ஒட்டிய நம்பர். பஸ், இறங்கும் இடம், ஷேர் ஆட்டோ, கேட், ஒன்றைக்கூட அவன் தவறவிடவில்லை.

மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும், "இங்க இல்ல காலா. பேரே இல்லன்றாங்க" என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். நீங்களாக இருந்தால் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே சொன்னேன். "அம்மீ மௌத்தாயிட்டாங்க கண்ணா. நீ வேலைக்குப் போன அன்னிக்கே."

"ஸ்டெல்லா சொன்னது நெஜமா?"

"நெஜம்தான்."

ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். பிறகு அந்தக் கையை உருவி, அள்ளிப் போடுவதுபோல் காட்டினான். "மண்ணு போட்டாங்களா?"

"போட்டாங்க."

"நானு?"

அவ்வளவுதான் கேட்டான் ஆபா. அந்த ஒரு வார்த்தையை உங்கள் தம்பி காதால் கேட்டிருக்க வேண்டும். சென்சிடிவ் மேட்டர் என்ற அந்த ஹெச்.ஆரும், கடவுளின் குழந்தைகள் என்ற அந்தப் பெரிய மனிதரும் கேட்டிருக்க வேண்டும். அவன் தோளில் சாய்ந்து நான்தான் அழுதேன். அவன் அப்புறம்தான் அழுதான், சத்தமாக, வாய்விட்டு. மயக்கம் போட்டு விழவில்லை.

நம் ஊர் ஆம்பூரில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேராகக் கபரஸ்தானுக்கு, உங்களை அடக்கிய இடத்துக்குப் போனோம். நான் வெளியே கேட்டிலேயே நின்றுகொண்டேன். உள்ளே இருந்த காவல்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னையும் பார்த்தார், அவனையும் பார்த்தார். "எல்லாம் அன்னிக்கே முடிஞ்சுதும்மா" என்று இழுத்தார். பிறகு, "வாப்பா. உன் பங்கு பாக்கி இருக்குது" என்று கூட்டிப்போனார். இர்ஃபான் ஷூவைக் கழற்றி ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டுப் போனான். ஈரம் காயாத மேட்டின் முன்னால் உட்கார்ந்து அள்ளிப் போட்டான். அவர் சொல்லச் சொல்ல அவனும் முணுமுணுத்தான். மூன்று முறைதான் போட்டான். கை தட்டிக்கொள்ளாமலே திரும்பி வந்தான்.

உங்கள் வீட்டு வாசலில் கூட்டம் கூடியிருந்தது. மாமூ ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார். அதற்கப்புறம் என் மேல் பாய்ந்தார். "பாத்தீங்களா, தொலைஞ்சு போய்ட்டான். இதுக்குத்தான் சொன்னேன். இனிமே வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், வீட்டோட கெடக்கட்டும்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ, உங்கள் குரலே என் தொண்டையில் வந்தது. "அவன் எங்க பய்யா தொலைஞ்சான்? அம்மீ எங்க இருக்காங்கன்னு நீங்க சொன்னீங்களோ அங்கதானே போனான்? நீங்க கபரஸ்தான்னு சொல்லியிருந்தா அங்க போயிருப்பான். ஒரு பொய்யச் சொல்லி அம்பது கிலோமீட்டர் அலைய வுட்டுட்டு, அலைஞ்சவன் மேல பழி போடுறீங்களே!"

ஒரு பெண் இப்படிக் கத்தியதற்கே பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். இர்ஃபான் மாமூவின் முன்னால் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். மண் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"மண்ணு போட்டுட்டேன் மாமூ. நாளைக்கு டூட்டி."

மாமூ அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். சரி என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை அவன் கிளம்பியபோது யாரும் கதவைச் சாத்தவில்லை. கம்பெனி பஸ்ஸுக்குப் பின்னால் மாமூ தன் பைக்கில் போய்க்கொண்டிருந்ததாக ஸ்டெல்லா வந்து சொன்னாள். அடுத்த நாளும் போனாராம். அவருக்கு உங்கள் புர்காவைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம் என்று நேற்று தோன்றியது. நீங்கள் இருந்திருந்தால் அதற்கு எப்படிச் சிரித்திருப்பீர்கள்! இப்போது பைக் பின்னால் வருவதில்லை.

இதோடு முடிந்தது என்று என்னால் மனதை ஆற்றிக்கொள்ள முடியவில்லை. நீங்கள் இவ்வளவு பாடுபட்டு அவனை எழுந்து நிற்கவும், பஸ் ஏறவும், வேலை செய்யவும் பழக்கினீர்கள். அவன் எல்லாம் கற்றுக்கொண்டான். சுற்றியிருந்தவர்கள்தான் ஒன்றும் கற்கவில்லை. சம்பளம் வாங்குகிற ஆம்பிளைக்கு அவன் தாய் செத்த சேதியைச் சொல்லக்கூடாது என்று ஒரு ஊரே சேர்ந்து முடிவு செய்ததே, அந்த ஊரில்தானே நானும் என் மகளை விட்டுவிட்டுப் போக வேண்டும்?

அந்தப் பயத்தில்தான் போன ஞாயிற்றுக்கிழமை பேச்சை எடுத்தேன். சர்ச் முடிந்து வந்து ஸ்டெல்லாவுக்கும் இர்ஃபானுக்கும் சோறு போட்டேன். ஞாயிறு மதியம் அவன் இங்கேதான் சாப்பிடுகிறான். என் வீட்டுக்காரர் "சாப்புடும்போது இன்னா பேச்சு இது" என்று எழுந்து போய்விட்டார். நான் விடவில்லை. "ஸ்டெல்லா, பெரியம்மா மாதிரி நானும் ஒருநாள் போய்டுவேன். நீ கம்பெனியில இருந்தாலும் இருப்ப. ஒடனே வரணும். யார் தடுத்தாலும் வரணும். நீ வராம என்னை எடுக்கக் கூடாது" என்றேன்.

அவள் மென்றுகொண்டிருந்ததை விழுங்கிவிட்டு யோசித்தாள். "பெர்மிஷன் கேக்கணுமா, லீவு கேக்கணுமா?"

"லீவு."

தலையாட்டினாள். கண் கலங்கியது, துடைத்துக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, "எனக்கு யாருமா சொல்லுவாங்க?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் இர்ஃபான் தட்டிலிருந்து கையை எடுத்தான்.

"நீ எனக்குச் சொன்ன இல்ல? நான் உனக்குச் சொல்றேன்."